ஏழாவது கட்டம்

டர்பனிலிருந்து கிளாடிஸ் கேட்டது ஒரே ஒரு எண்.
வம்சாவளித் தாளில் ஒரு சின்னச் சதுரம் காலியாம்:
மணமகளின் வயது, திருமண நாளில்.

அதற்காக ஒரு நாள் சம்பளம் போனது.
ஆற்காடு தாண்டி,
மணலும் இல்லாத தண்ணீரும் இல்லாத பாலாறு தாண்டி
ராணிப்பேட்டையில் இறங்கினால்
தோல் ஷெட்டு நாற்றம் முதலில் வந்து கை குலுக்கியது.

கோயில்குட்டி எபநேசர் சாவி தேடி முடிப்பதற்குள்
ஒரு டீ ஆறியது. இன்னொன்றும் ஆறியது.
"போட்டோ கூடாது, பென்சில்ல எழுதிக்குங்க.
எச்சில் தொட்டுத் திருப்பாதீங்க,
பூச்சிமருந்து போட்டிருக்கேன்."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று,
ஜூன் ஏழு, புதன்.
மணமகன் ஆசீர்வாதம், பத்தொன்பது,
தோல் மண்டி வண்டிக்காரன்.
மணமகள் திரவியம். தொழில் என்ற இடத்தில் ஒரு கோடு.
வயது 14.
அந்த நாலின் வயிற்றுக்குள்
இன்னொரு எண் சுருண்டு படுத்திருந்தது.
ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தேன்.
இரண்டு.

சத்துவாச்சாரி கோர்ட்டில்
இருபத்திரண்டு வருஷமாகக் கேஸ் கட்டு சுமக்கிறவன் நான்.
அந்தக் காலத்துச் சட்டம் கொஞ்சம் தெரியும்:
பெண்ணுக்குப் பதிமூன்று தாண்டியிருக்க வேண்டும்,
பதினெட்டு நிறையவில்லை என்றால்
தகப்பன் சம்மதிக்க வேண்டும்.
பேனாவுக்குச் சட்டம் தெரிந்திருக்கிறது.
பன்னிரண்டைத் தூக்கிப்
பதினான்கில் உட்கார வைத்துவிட்டது.

ஏழாவது கட்டம், தகப்பன் சம்மதம்:
மாசிலாமணி, கைநாட்டு.
மை நன்றாகப் பிடித்திருந்தது.

இத்தோடு எழுந்திருக்கலாம்.
எபநேசருக்கு ஒரு அவசரமும் இல்லை,
அடக்கப் பதிவேட்டைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.
வாங்கிச் சும்மா புரட்டினேன்.
மாசிலாமணி, சுண்ணாம்புத் தொட்டிக் கூலி, வாந்திபேதி,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பது நவம்பர்.
அதே பாதிரியின் அதே சாய்ந்த எழுத்து.
ஊரில் இரண்டு மாசிலாமணி இருந்திருக்கலாம்.
மனைவி லேயாள் என்று இரண்டிலும் இருக்கிறது.
இரண்டு லேயாளும் இருந்திருக்கலாம்.

"செத்தவர் பத்தொன்பது மாசம் கழிச்சு
எழுந்து வந்து கைநாட்டு வச்சிருக்காரா?
இது கோயில் சார், நடக்கும்" என்று சிரித்தார் எபநேசர்.
பிறகு பீடத்தின் பக்கம் திரும்பி
வாயைத் துடைத்துக்கொண்டார்.

லேயாளைக் கேட்டிருக்கலாம்.
தகப்பன் இல்லாவிட்டால் கார்டியன்,
கார்டியனும் இல்லாவிட்டால் தாய்.
வரிசையில் மூன்றாவதாக நின்றவளை
யாரும் கூப்பிடவில்லையோ என்னவோ.
கூப்பிட்டு, அவள் முடியாது என்றும் சொல்லியிருக்கலாம்.
முடியாது என்பதற்குப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

கைநாட்டு பார்த்துப் பழகிய கண்,
சும்மா இருக்கவில்லை.
ஏழாவது கட்டத்து ரேகை ஒரு கூலிக்காரனுக்குச் சிறியது.
நடுவில் குறுக்கே ஒரு வெட்டு,
அரிவாள்மணையில் பட்டு ஆறியது போல.
மேலே போனேன்.
திரவியம் என்ற பெயருக்குப் பக்கத்தில்
அதே விரல், அதே வெட்டு.

யாரோ அந்தக் கையைப் பிடித்து
இரண்டு தரம் மையில் தோய்த்திருக்கிறார்கள்.
ஒரு தரம் மகளாக,
ஒரு தரம் மகளின் தகப்பனாக.
அதற்குப் பின் விரலை அவள் எதில் துடைத்தாள்?
இதை எழுதிக்கொள்ளவில்லை.
பென்சில் முனை உடைந்திருந்தது என்று
எபநேசரிடம் சொன்னேன், பொய்தான்.

ராத்திரி கிளாடிஸுக்கு அனுப்பினேன்: பன்னிரண்டு.
உடனே பதில் வந்தது,
ஆதாரம் என்ன?

பதினான்கு என்று எழுதியிருக்கிறது, என்றேன்.